பாலித் தீவின் மௌனப் புத்தாண்டு: நியெப்பியை முழுதாகக் கடைப்பிடிக்க ஒரு வழிகாட்டி

வருடத்தில் ஒரு நாள் பாலித் தீவின் விமான நிலையம் 24 மணி நேரம் மூடிக் கிடக்கும். புயலும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. அன்று அந்தத் தீவு இந்துக்களுக்குப் புத்தாண்டு. காலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 6 மணி வரை தெருவில் ஆள் இல்லை, வண்டி இல்லை, கடை இல்லை. இருட்டிய பிறகு விளக்கும் இல்லை. இதற்கு நியெப்பி என்று பெயர். 'செப்பி' என்றால் அவர்கள் மொழியில் ஆளரவமற்ற அமைதி. அந்தச் சொல்லிலிருந்துதான் இந்தப் பெயர் வந்தது.

பாலிக்குச் சுற்றுலா போகிறவர்களிடம் "அந்தத் தேதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஒரு நாள் வீணாகும்" என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. ஒருமுறைதான் பாலிக்குப் போக முடியும் என்றால் அந்தத் தேதிக்கே போங்கள் என்பேன். ஆனால் அந்த ஒரு நாளுக்காக மட்டும் போகாதீர்கள். கடலுக்குப் போய்க் கழுவுவது, தெருவில் இறங்கிச் சத்தம் போடுவது, அடங்குவது, மன்னிப்புக் கேட்பது என்று நான்கும் சேர்ந்ததுதான் நியெப்பி. முதல் இரண்டையும் பார்க்காமல் மூன்றாவதில் மட்டும் உட்கார்ந்தால் அது வெறும் ஊரடங்காகத்தான் தெரியும்.

முதலில் தேதி

பாலியில் இரண்டு நாட்காட்டிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. ஒன்று 210 நாள் சுற்று. கலுங்கான் பண்டிகை அதன்படி வரும். மற்றொன்று சந்திரனை ஒட்டிய சக ஆண்டு, நியெப்பி இதன்படிதான். நம் பஞ்சாங்கத்தின் முதல் பக்கத்தில் சாலிவாகன சகாப்தம் என்று அச்சிட்டிருப்பார்களே, கி.பி. 78-இல் தொடங்கும் அதே கணக்கு. கனிஷ்கர் என்ற அரசர் சண்டையிட்டுக்கொண்டிருந்த இனங்களைச் சமாதானப்படுத்தி இந்த ஆண்டுக் கணக்கைத் தொடங்கினார் என்று பாலியில் கதை சொல்வார்கள். சமாதானத்தில் பிறந்த ஆண்டு என்பதால்தான் அதை அமைதியில் தொடங்குகிறோம் என்பது அவர்கள் விளக்கம்.

ஒன்பதாம் மாதத்து அமாவாசைக்கு மறுநாள் நியெப்பி. ஆங்கில நாட்காட்டியில் பெரும்பாலும் மார்ச்சில் விழும். 2024-இல் மார்ச் 11, 2025-இல் மார்ச் 29, 2026-இல் மார்ச் 19. 2026-இல் தொடங்குவது சக 1948. சில ஆண்டுகளில் தெலுங்கர், கன்னடர் கொண்டாடும் யுகாதியும் நியெப்பியும் ஒரே நாளில் வந்துவிடும். 2023-இல் இரண்டுமே மார்ச் 22. ஆனால் சில ஆண்டுகளில் கூடுதலாக ஒரு மாதம் (அதிக மாதம்) சேர்க்கும் முறை வேறுபடுவதால் 2024-இல் ஏறக்குறைய ஒரு மாத இடைவெளி விழுந்தது. அதனால் யுகாதி தேதியை வைத்து டிக்கெட் போடாதீர்கள். 1983 முதல் நியெப்பி இந்தோனேசியா முழுவதற்கும் அரசு விடுமுறை. அரசின் விடுமுறைப் பட்டியலில் தேதி முன்கூட்டியே வந்துவிடும்.

படி 1: பயணத்தை ஆறு நாளாகத் திட்டமிடுங்கள்

நியெப்பிக்குக் குறைந்தது நான்கு நாள் முன்பே பாலியில் இருங்கள், முடிந்த பிறகு ஒரு நாள் தங்குங்கள். சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூரில் விமானம் மாறுவார்கள். அந்த மாற்று விமானம் நியெப்பி நாளின் விடியற்காலையில் இறங்குவதாக இருந்தால் ஆபத்து, தாமதமானால் இறங்கவே முடியாது. ஜாவாவிலிருந்து வரும் கில்லிமானுக் படகுத்துறையும், லொம்போக்கிலிருந்து வரும் பாடாங்பாய் துறையும் அன்று மூடிவிடும். கடல் வழியாகப் போய்விடலாம் என்ற கணக்கும் வேண்டாம்.

முதல்முறை போனபோது நான் முந்தின நாள் மாலை நான்கு மணிக்கு இறங்கினேன். ஊர்வலத்துக்காகச் சாலைகளை அடைத்துவிட்டார்கள். ஓட்டுநர் முடிந்த வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, இதற்கு மேல் போக முடியாது என்று கைகூப்பினார். கடைசி இரண்டு கிலோமீட்டர் பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தேன். அந்த நடையில் பார்த்ததை இன்றும் மறக்கவில்லை என்றாலும், உங்களுக்கு அப்படி நேர வேண்டாம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இறங்கியபின் 5 லட்சம் ரூப்பியா (இந்தோனேசியப் பணம்) கட்டி 30 நாள் விசா வாங்கலாம். 2024 பிப்ரவரி முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனியாக 1,50,000 ரூப்பியா தீவு வரியும் உண்டு. கிளம்புமுன் இரண்டையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், கட்டணங்கள் மாறும்.

தங்குமிடத்தில்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெரிய ஹோட்டல்களில் நியெப்பிக்கென்றே உணவோடு சேர்த்த தொகுப்பு வைத்திருப்பார்கள். வசதிதான், ஆனால் உள்ளே ஏறக்குறைய வழக்கமான விடுமுறை நாள்போலவே ஓடும். என் யோசனை, தீவின் உட்புறத்தில் இருக்கும் உபுட் ஊர்ப் பக்கம் ஒரு குடும்ப வளாகத்தில் தங்கும் அறை. பாலி வீடு என்பது ஒரே மதிலுக்குள் பல கட்டடங்களும் குடும்பக் கோயிலும் சேர்ந்தது. அந்த வீட்டார் எப்படி அடங்குகிறார்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். "நியெப்பி அன்று சாப்பாடு உண்டா, சமையலறை திறந்திருக்குமா, அறையில் விளக்கு எவ்வளவு அனுமதி" என்ற மூன்றையும் முன்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். கர்ப்பிணியோ, இதய நோயாளியோ, கைக்குழந்தையோ கூட வந்தால் உட்புறக் கிராமம் வேண்டாம். பாலியின் தலைநகர் டென்பசாரிலோ அதன் கடற்கரைப் பகுதியான சானூரிலோ மருத்துவமனைக்குப் பக்கமாகத் தங்குங்கள்.

படி 2: மெலாஸ்தி, கடலுக்குப் போகும் நாள்

நியெப்பிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு ஊர் ஊராக மக்கள் வெள்ளை உடையில் கடற்கரைக்கு நடக்கிறார்கள். கடல் தூரமாக இருக்கும் ஊர்கள் ஊற்றுக்கோ ஏரிக்கோ போகும். கோயில் பிரதிமைகளைக் குடை பிடித்துத் தலையில் சுமந்து வருவார்கள். அங்கும் அதற்குப் 'பிரதிமா' என்றே பெயர். உலகத்தின் அழுக்கைக் கடலில் விட்டு அமிர்த தீர்த்தத்தை எடுத்துவருவது நோக்கம். தீர்த்தத்துக்கு 'தீர்த்தா', அமிர்தத்துக்கு 'அமெர்தா'. மாசி மகத்தன்று சுவாமி கடலாடப் போவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகவே இருக்காது.

உங்கள் ஊர் எந்த நாள் போகிறது என்று வீட்டாரிடம் கேளுங்கள், ஊருக்கு ஊர் மாறும். சானூர், குட்டா, பெத்திதெங்கெட் கடற்கரைகளில் காலையிலேயே நின்றால் பல ஊர்களின் ஊர்வலங்களைப் பார்க்கலாம். இடுப்பில் சரோங், அதன்மேல் ஒரு துண்டு கட்டாயம். நம் வேட்டியே போதும், இடுப்புத் துண்டை மட்டும் மறக்காதீர்கள். மாதவிலக்கு, வீட்டில் சாவு போன்ற தீட்டு நாட்களில் கோயிலுக்குள் வர வேண்டாம் என்று அங்கும் எழுதி வைத்திருப்பார்கள். பூசாரி உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்கு மேலே நிற்காதீர்கள், படம் எடுப்பதற்காகப் படையலைத் தாண்டாதீர்கள். தீர்த்தம் கொடுத்தால் வலது கையை மேலும் இடது கையைக் கீழும் வைத்து வாங்கிக் குடியுங்கள்.

படி 3: முந்தின நாள், எல்லாச் சத்தமும் அன்றே

அமாவாசை அன்று நடப்பதற்குத் தவூர் கெசாங்கா என்று பெயர். பூத யக்ஞம் அது, பூதங்களுக்குப் படைக்கும் வேள்வி. தீவுக்கே பொதுவாக ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று இறங்கி இறங்கிக் கடைசியில் வீட்டு முற்றம் வரை படையல் வைப்பார்கள். ஊர்ப் படையல் நாற்சந்தியில். பல இடங்களில் ஐந்து நிறக் கோழிகளைத் திசைக்கொன்றாக வைப்பார்கள்: கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள், வடக்கே கறுப்பு, நடுவில் பல நிறம் கலந்தது. சைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கலாம். அப்படியென்றால் தள்ளி நில்லுங்கள், முகம் சுளிக்க வேண்டாம். ஜாவாவில் பிரம்பானான் கோயில் வளாகத்திலும் இதே நாளில் பெரிய தவூர் நடக்கிறது.

மாலையில் பெங்ருபுக்கான். வீட்டுக்காரர்கள் மூங்கில் பந்தம் ஏந்தி, தட்டும் பானையும் கொட்டி, வளாகத்தின் மூலை முடுக்கெல்லாம் சுற்றி வருவார்கள். உங்களையும் கூப்பிட்டால் தயங்காமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு போங்கள். வெறும் வேடிக்கை பார்ப்பவராக இருந்த நீங்கள் அந்த நேரத்தில் அந்த வீட்டு மனிதராகிவிடுகிறீர்கள்.

அப்புறம் தெருவில் ஓகோ ஓகோ. மூங்கில் சட்டத்தில் கட்டி வண்ணம் பூசிய பேருருவங்கள், கோரைப் பல்லும் பிதுங்கிய கண்ணுமாக. ஒவ்வொரு பஞ்சாரிலும், அதாவது ஊரின் சிறு அங்கமான குடியிருப்பு அமைப்பிலும், இளைஞர்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்வார்கள். இது ஆதிகாலச் சடங்கு என்று பலரும் நினைக்கிறார்கள். ஊர் முழுக்க இப்படி எடுப்பது 1980-களில் பரவிய வழக்கம்தான். பழையது அந்தப் பந்தமும் தட்டும் சத்தமும். தோளில் சுமக்கும் மூங்கில் பின்னலோடு உருவத்தை நாற்சந்தியில் இடப்புறமாக மூன்று முறை சுற்றுவார்கள், பெலகஞ்சூர் மேளம் காதைப் பிளக்கும். டென்பசாரில் சதுர்முகச் சிலை நிற்கும் சந்தி பெரிய இடம், கூட்டமும் அப்படியே. சிறிய கிராமச் சந்திதான் எனக்குப் பிடித்தது. குழந்தைகள் தூக்கி வரும் குட்டி ஓகோ ஓகோவை அங்கேதான் கிட்டத்தில் பார்க்க முடியும். முடிந்ததும் பலவற்றை எரித்துவிடுவார்கள். வாரக்கணக்கில் செய்ததை எரிக்கும்போது அந்தப் பையன்களின் முகத்தைப் பாருங்கள், வருத்தமே இருக்காது.

படி 4: நள்ளிரவுக்குள் முடிக்க வேண்டியவை

முந்தின நாள் மதியத்துக்குள் கடைக்குப் போய்விடுங்கள், மாலையில் பல கடைகள் மூடிவிடும். பணம் எடுக்க வேண்டுமென்றாலும் அப்போதே. தண்ணீர், வாழைப்பழம், சலாக் பழம், ரொட்டி போதும். ஊரிலிருந்து அவல், தட்டை, முறுக்கு, புளிக்காய்ச்சல் கொண்டுபோயிருந்தால் இன்னும் நல்லது. மருந்து மாத்திரைகளை இரண்டு நாளுக்கு எண்ணி வையுங்கள்.

2018 முதல் நியெப்பி அன்று கைப்பேசி இணையத்தை நிறுத்திவிடுகிறார்கள். தொலைக்காட்சி, வானொலி ஒலிபரப்பும் அங்கே நின்றுவிடும். சில ஹோட்டல்களில் வைஃபை ஓடும், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். "நாளை முழுக்க என்னைப் பிடிக்க முடியாது, கவலைப்படாதீர்கள்" என்று வீட்டுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் ஊரில் அம்மாக்கள் படும் பாடு சொல்லி மாளாது.

கடைசியாக, திரைச்சீலையை இழுத்துப் பாருங்கள். வெளிச்சம் வெளியே கசியும் இடுக்கு இருந்தால் துண்டால் அடையுங்கள்.

படி 5: நான்கு விரதங்களைப் புரிந்துகொள்ளுங்கள்

சதுர் பிரதா என்று சொல்கிறார்கள், நம் சதுர் விரதம்தான். அமாத்தி கெனி, அமாத்தி கார்யா, அமாத்தி லெலுங்கான், அமாத்தி லெலாங்குவான். 'மாத்தி' என்றால் சாவு, அணைந்துபோதல். தீ அணைதல், காரியம் நிற்றல், பயணம் நிற்றல், கேளிக்கை நிற்றல்.

கெனி என்பது அக்னிதான். அடுப்பும் விளக்கும் சிகரெட்டும் இதில் அடங்கும். உள்ளே எரியும் கோபமும் ஆசையும் இதில் அடங்கும் என்பது பூசாரிகள் சேர்த்துச் சொல்வது. வெளித்தீயை அணைப்பது எளிது, பொத்தானை அழுத்தினால் போதும். உள்ளேயிருப்பதை அணைக்க ஒரு நாள் முழுக்க உட்கார வேண்டியிருக்கிறது. நான்கில் இதை முதலில் வைத்ததற்குக் காரணம் அதுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கார்யா நமக்குப் புரியும் சொல், உடல் உழைப்பும் அலுவலகமும் இதில் வரும். லெலுங்கான் என்றால் வெளியே போவது, வாசலைத் தாண்டக் கூடாது. லெலாங்குவான் பாட்டு, படம், அரட்டை. தீவிர நோன்பு இருப்பவர்கள் இத்தோடு உபவாசம், மௌனம், இரவில் கண்விழிப்பு மூன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள். உபவாசா, மோனா, ஜாக்ரா. சொற்களைக் கேட்டாலே வைகுண்ட ஏகாதசியும் சிவராத்திரியும் நினைவுக்கு வரும்.

இந்த நோன்பு பாலியில் எல்லோருக்கும் பொருந்தும். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட துணியைக் கட்டிய பெச்சாலாங் எனும் ஊர்க்காவலர்கள் பகலும் இரவும் சுற்றி வருவார்கள். தெருவில் நின்றால் உள்ளே அனுப்புவார்கள், வெளிச்சம் தெரிந்தால் குரல் கொடுப்பார்கள். விதியை மதிக்காத வெளிநாட்டவர்கள் நாடு கடத்தப்பட்டதும் உண்டு. பிரசவம், அவசர நோய் என்றால் தடையில்லை. தங்கும் இடத்தில் சொன்னால் அவர்கள் பெச்சாலாங்குக்குச் சொல்லி வண்டி ஏற்பாடு செய்வார்கள், மருத்துவமனை அவசரப் பிரிவு திறந்தே இருக்கும். அங்குள்ள முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் தத்தம் வழிபாட்டை அமைதியாகச் செய்துகொள்கிறார்கள். 2025-இல் நியெப்பி ரமலான் மாதத்துக்குள் வந்தது. அண்டை வீட்டாரின் அமைதியும் நோன்பும் ஒரே தெருவில் ஒன்றாக இருந்தன.

படி 6: அந்த நாளைக் கழிக்கும் முறை

எழுவதை 6 மணிக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். குளித்து, இருக்கும் விளக்கை உங்கள் கையாலேயே அணைத்துவிட்டு நாளைத் தொடங்குங்கள். உபவாசம் இருக்கலாமா என்பது உங்கள் உடம்பைப் பொறுத்தது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள் இருக்கவே வேண்டாம். ஆறிய சாதம் சாப்பிட்டாலும் விரதம் கெடாது. பாலியிலேயே பல குடும்பங்கள் முந்தின நாள் சமைத்ததைச் சாப்பிடுகின்றன.

காலை பத்து மணி வரை சுலபமாக ஓடும். புதுமையாக இருக்கும், பறவைச் சத்தம் இத்தனை இருந்ததா என்று தோன்றும். பத்திலிருந்து இரண்டு வரைதான் கஷ்டம். கை தானாகக் கைப்பேசியைத் தேடும், எரிச்சல் வரும், தூக்கம் வரும். தூங்கி நேரத்தைப் போக்க நினைக்காதீர்கள், அந்த எரிச்சலைக் கவனிப்பதற்குத்தான் இவ்வளவு ஏற்பாடும். கைப்பேசியை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

இந்தச் சுயபரிசோதனைக்குப் பாலியில் 'முலாத் சரீரா' என்று பெயர். சரீரம் என்ற நம் சொல்தான், தன்னைத் தானே பார்ப்பது என்று பொருள். எப்படிப் பார்ப்பது என்று ஒரு வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். நாளை யாரைப் பார்க்கப் போகிறாய் என்று யோசி, அது போதும் என்றார். மறுநாள் மன்னிப்புக் கேட்கும் நாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன்பின் நான் பின்பற்றுவது இதுதான். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்கிறேன். போன ஒரு வருடத்தில் யாரோடு பேச்சு நின்றது, யாரிடம் கடுமையாகப் பேசினேன், யாருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்று பெயர்களை மட்டும் எழுதுகிறேன். காரணம் எழுதுவதில்லை. காரணம் எழுதத் தொடங்கினால் நம் பக்க நியாயம் பத்திப் பத்தியாக நீளும். பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் மனத்தில் எதிரே உட்காரவைத்துச் சற்று நேரம் பேசாமல் இருக்கிறேன். மூன்று பெயருக்கு ஒரு பிற்பகல் ஆகிவிடும்.

தியானப் பழக்கம் உள்ளவர்கள் அதைச் செய்யலாம். ஜபம் செய்பவர்கள் உதடு அசையாமல் செய்யலாம். குழந்தைகள் கூட இருந்தால் முழு மௌனத்தை அவர்கள்மேல் சுமத்தாதீர்கள், கிசுகிசுத்துப் பேசும் விளையாட்டாக மாற்றிவிடுங்கள். பாலிக் குழந்தைகளும் வளாகத்துக்குள் மெதுவாக விளையாடத்தான் செய்கிறார்கள்.

படி 7: இருட்டு

ஆறரை மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அதற்குமுன் குடிநீரையும் செருப்பையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு முற்றத்தில் உட்காருங்கள். அமாவாசைக்கு அடுத்த நாள் என்பதால் நிலவும் இருக்காது. தீவு முழுக்க ஒரு தெருவிளக்குகூட எரியாத இருட்டை நம்மில் பெரும்பாலோர் பார்த்ததே இல்லை.

மார்ச்சில் மழை முழுதாக விட்டிருக்காது, மேகம் மறைத்தால் மறைத்ததுதான். தெளிந்த வானம் வாய்த்தால் ஏழரை மணிக்குத் தெற்கே பாருங்கள். பாதி உயரத்தில் தனியாக, பளிச்சென்று நிற்பது அகத்திய நட்சத்திரம். நம் ஊரில் தென் அடிவானத்தை ஒட்டித் தாழ்வாகத் தெரிவது அங்கே நன்றாக மேலேறி நிற்கும். உச்சியை ஒட்டி இன்னும் பிரகாசமாக இருப்பது சிரியஸ், அதற்கு வடமேற்கே திருவாதிரை. பிரம்பானான் சிவன் கோயிலின் தெற்கு அறையில் அகத்தியர் சிலை இருக்கிறது. தெற்கே போன முனிவரைத் தெற்குத் திசையிலேயே வைத்த அந்தச் சிற்பிகளை நினைத்துக்கொண்டு அந்த நட்சத்திரத்தைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது, கடிகாரமும் பெட்டிக்குள் இருந்தது.

படி 8: ஙெம்பாக் கெனி

மறுநாள் காலை 6 மணிக்குத் தீ திரும்பத் திறக்கிறது, பெயரின் பொருளும் அதுதான். முதலில் கேட்பது மோட்டார் சைக்கிள் சத்தம், அடுத்து அடுப்படியிலிருந்து வாசம். அன்று உறவினர் வீடுகளுக்குப் போய்ப் பெரியவர்களிடம் மன்னிப்புக் கேட்பார்கள். டென்பசாரின் செசெத்தானில் கல்யாணமாகாத இளைஞர்களும் பெண்களும் எதிரெதிர் அணியாக நின்று இழுத்துக்கொள்ளும் ஓமெத் ஓமெதான் அன்றுதான் நடக்கும். அதைப் பார்க்கக் கூட்டம் நெரியும். நேரமிருந்தால் போகலாம், நான் போகவில்லை.

விமானம் அன்றே என்றால் மதியத்துக்கு மேல் போடுங்கள். ஒரு நாள் தேங்கிய பயணிகள் எல்லோரும் காலையிலேயே விமான நிலையத்தில் இருப்பார்கள். வீட்டாரிடம் விடைபெறும்போது, ராஹஜெங் ராஹினா நியெப்பி என்று வாழ்த்திக் கைகூப்புங்கள். அதற்கு முன், கைப்பேசியைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் வந்து குவிந்திருக்கும் செய்திகளைத் திறக்காதீர்கள். நேற்றைய தாளை எடுங்கள். மேலே இருக்கும் முதல் பெயருக்கு அழையுங்கள். பாலி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தியது. அங்கே எட்டரை என்றால் ஊரில் அப்போதுதான் ஆறு, காபி போடும் நேரம்.